த்ரில்லர் ட்ரெய்லர்ல எதைக் காட்டாம விடணும்: டர்பன்லேர்ந்து கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல மீடியா ரெண்டாம் வருஷம் படிக்கிறான், நாலு பேர் சேர்ந்து 12 நிமிஷத்துக்கு ஒரு த்ரில்லர் எடுத்துட்டு இருக்காங்க. டர்பனுக்குப் பக்கத்து ஊரு வெரூலம், அங்க கரும்புக்காட்டு ஓரத்துல ஒரு வீடு, தங்கச்சி காணாமப் போயிடறா, அக்கா தேடறா, கூடமாட அலைஞ்சு ஒத்தாசை பண்ற பக்கத்து வீட்டு அங்கிள்தான் கடைசில குத்தவாளி. இதுக்கு 90 செகண்ட் ட்ரெய்லர், ஒரு போஸ்டர், அதை ஜனங்ககிட்ட எப்படிக் கொண்டு போனீங்கன்னு ஒரு ரிப்போர்ட், மூணும் 6 வாரத்துல குடுக்கணும், கையில 1500 ராண்ட் இருக்கு. "கட் பண்ணிப் பார்த்தா அண்ணா, கதை மொத்தமும் தெரிஞ்சு போகுது, ஆனா பயமே வரல, எங்க தப்பு?" இதான் கேள்வி.

நான் மதுரைக்காரன், டர்பனுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு, கல்யாண வீடியோ எடிட்டிங்ல ஆரம்பிச்சு இப்ப விளம்பரம், ட்ரெய்லர்னு வயித்தைக் கழுவறேன், நடுநடுவுல ஸ்டூடண்ட் பசங்க வந்து உக்காந்தா டீ போட்டுக் குடுத்து அவங்களுதையும் பார்ப்பேன். அதனால பார்க்காமலே சொல்றேன், நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னா 12 நிமிஷப் படத்துல நல்லா வந்த ஷாட்டா பொறுக்கி, கதை வரிசையிலயே அடுக்கி, மேல ஒரு மியூசிக் போட்டிருப்பீங்க. எல்லாரும் முதல் தடவை அதைத்தான் பண்ணுவாங்க, நானும் பண்ணேன். அதுல வர்றது படத்தோட சுருக்கம். சுருக்கம் படிச்சு யாரும் பயந்ததா சரித்திரமே கிடையாது.

எடிட்டை மூடி வச்சுட்டு ஒரு பேப்பர் எடு. இந்த ட்ரெய்லர்ல எதெல்லாம் காட்ட மாட்டோம்னு எழுது. உங்க கதைக்கு எனக்குத் தோணறது மூணு: அங்கிள்தான் ஆளுங்கறது, தங்கச்சி உசுரோட இருக்காளாங்கறது, கரும்புக்குள்ள அக்கா என்னத்தைப் பார்த்தாங்கறது. நாலு பேரும் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க, விளையாட்டுக்குச் சொல்லல, ஏன்னா எடிட் பண்ற ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் "மச்சான் அந்த கிளைமாக்ஸ் ஷாட் செம்மயா இருக்கு, ஒரே ஒரு செகண்ட் போடலாமே"ன்னு கண்டிப்பா சொல்லுவான், அப்ப இந்தப் பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டணும்.

மறைக்கறதுன்னா அங்கிளைக் காட்டாமலே இருக்கறதுன்னு நினைச்சுடாத. அப்படிப் பண்ணினா படம் பார்க்கறவன் "இந்த ஆளு ட்ரெய்லர்ல இல்லையே, அப்ப இவன்தான்"னு மூணாவது நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவான், இப்ப எல்லாருக்கும் அந்தக் கணக்கு அத்துப்படி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற வேலைதான் இது. அங்கிளை மூணு தடவை காட்டு, மூணுலயும் நல்லவனா, டார்ச் பிடிச்சுட்டு முன்னாடி நடக்கறான், அம்மாவுக்கு பிளாஸ்க்குல டீ கொண்டு வந்து குடுக்கறான், அக்காவோட தோள்ல கை வச்சு "வாம்மா, கிடைச்சுடுவா"ங்கறான். அந்தக் கை மட்டும் தேவைக்கு ஒரு அரை செகண்ட் அதிகமா இருக்கட்டும். முதல் தடவை பார்க்கறவனுக்கு அது ஆறுதல், படம் பார்த்துட்டு வந்து ட்ரெய்லரை ரெண்டாவது தடவை போட்டுப் பார்க்கறவனுக்கு முதுகுத்தண்டு சில்லுனு ஆகும்.

இதுக்கு குரு யாருன்னா த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக்தான். 1960ல 'சைக்கோ'வுக்கு அவர் பண்ண ட்ரெய்லர் 6 நிமிஷத்துக்கு மேல, அதுல படத்தோட காட்சி ஒண்ணு கூட கிடையாது, அவரே செட்டுக்குள்ள நடந்து வந்து இது படி, இது பாத்ரூம்னு வீடு விக்கற புரோக்கர் மாதிரி சுத்திக் காட்டறார், கடைசில ஷவர் திரையை இழுத்ததும் ஒரு பொம்பளை கத்தறா, அதுவும் படத்துல அந்த ஷவர்ல சாகற ஜேனட் லீ கிடையாது, வீரா மைல்ஸ். அதாவது கத்தறதுக்குன்னு தனியா ஒரு ஷாட் எடுத்திருக்கார். உனக்கு இதுல பாடம், ட்ரெய்லருக்குன்னு தனியா ஷூட் பண்ணலாம், பண்ணணும். படத்துல இருக்கற ஷாட்டை மட்டும் வச்சுத்தான் கட் பண்ணணும்னு ஒரு விதியும் இல்ல, உங்களுக்கு அரை நாள் ஒதுக்கினா போதும், அக்கா மூஞ்சி க்ளோசப் பத்து, காலி ஊஞ்சல், ஒத்தைச் செருப்பு, தொறந்து கிடக்கற கேட்டு, இதெல்லாம் படத்துல வராட்டியும் ட்ரெய்லருக்குத் தேவைப்படும். (ட்ரெய்லர்னு பேரு வந்ததே 1913 வாக்குல அமெரிக்காவுல இதையெல்லாம் படம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஓட்டினதால, பின்னாடியே இழுபட்டு வர்றதுங்கற அர்த்தத்துல, ஜனங்க எழுந்து போயிடறாங்கன்னு அப்புறம்தான் முன்னாடி மாத்தினாங்க.)

சரி, பயம் ஏன் வரலங்கறதுக்கு வரேன். அதுக்கு ஒரு கதை சொல்லணும், என் வாழ்க்கையிலயே நான் கேட்ட நல்ல ட்ரெய்லர் எதுன்னு அதுலதான் இருக்கு.

2023, நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்னு லோட்ஷெட்டிங், அதான் முறை வச்சு பண்ற கரண்ட் கட், வெளுத்து வாங்கிட்டிருந்த நேரம். டர்பன்ல நம்ம ஜனங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த்துல ஒரு தெருவுல ஸ்டூடண்ட் பசங்க படத்துக்கு கேமரா பார்க்கப் போயிருந்தேன். தெரு விளக்கு அணையற நேரம் போன்லயே வந்துடும், அதனால செலவில்லாம ஒரு இருட்டுத் தெரு கிடைக்கும்னு அந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஷூட் வச்சிருந்தோம், பெரிய புத்திசாலித்தனம்னு எங்களுக்கு நினைப்பு. சீன் என்னன்னா ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பொண்ணை ஒரு வெள்ளை பக்கிக்குள்ள (பிக்கப் வண்டியை இங்க அப்படித்தான் சொல்லுவாங்க) இழுத்துப் போட்டுட்டு வண்டி கிளம்பணும். ரெண்டு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லியிருந்தோம், மூணாவது வீட்டுல சொல்லல. மூணாவது டேக் முடிஞ்சு பொண்ணு பக்கி பின்னாடி உக்காந்து சிப்ஸ் சாப்டுட்டு இருக்கு, ரெண்டு பக்கமும் ரெண்டு ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் வண்டி, அதாவது துப்பாக்கியோட வர்ற தனியார் செக்யூரிட்டி, வந்து குறுக்க நிக்குது, புல்லட் ப்ரூஃப் போட்ட ஆளுங்க இறங்கி துப்பாக்கியை நீட்டி "கீழ படு"ங்கறான். நான் நீளக் கம்பு முனையில மாட்டின பூம் மைக்கைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறேன், இருட்டுல அது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாரு. தார் ரோட்டுல குப்புறப் படுத்துக் கிடந்தப்ப என் மூக்குக்குக் கீழ ஒரு மாங்கொட்டை கிடந்தது, இப்பவும் மாம்பழ வாசனை வந்தா எனக்கு நெஞ்சு படபடங்கும். பத்து நிமிஷத்துல எல்லாம் புரிஞ்சு, அந்த ஆளுங்களே சிரிச்சுட்டுப் போனாங்க, தப்பு முழுக்க எங்களோடது.

மறுநாள் அந்த ஏரியா வாட்ஸாப் க்ரூப்புல சுத்தின வாய்ஸ் நோட்டை ஒருத்தர் எனக்கு அனுப்பினார். மூணாவது வீட்டு ஆன்ட்டி, 20 செகண்ட் இருக்கும். கிசுகிசுன்னு பேசறாங்க, மூச்சு வாங்குது, வெள்ளை பக்கி, நம்பர் தெரியல, சின்னப் பொண்ணு, யூனிஃபார்ம்ல... அதுக்குள்ள பின்னாடி நாய் குரைக்குது, தூரத்துல யார் வீட்டு ஜெனரேட்டரோ ஓடுது, ஆன்ட்டி சட்டுனு பேச்சை நிறுத்தறாங்க, ஒரு மூணு செகண்ட் மூச்சு மட்டும், அப்புறம் "அவங்க இங்க பார்க்கறாங்க"ன்னு சொல்லி கட். நாங்க நாலு ராத்திரி லைட்டு, பக்கி, பொண்ணுன்னு எடுத்த சீன்ல இதுல பாதி பயம் கூட இல்ல. எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுது, ஆன்ட்டிக்கு எதுவும் சரியா தெரியல, கேக்கறவனுக்கு அதைவிடக் கம்மியாத்தான் தெரியுது, பயம் மொத்தமும் அங்கதான் உக்காந்திருக்கு.

அன்னிலேர்ந்து நான் த்ரில்லர் ட்ரெய்லரை முதல்ல காதாலதான் கட் பண்றேன். உனக்கும் அதான் சொல்றேன், டைம்லைன்ல படமே போடாம, கறுப்புத் திரை மேல 90 செகண்டுக்கு சத்தத்தை மட்டும் அடுக்கு. அதைக் கண்ணை மூடிக் கேட்டு உடம்பு ஏதாவது பண்ணினாத்தான் படத்தை வைக்க ஆரம்பிக்கணும். பண்ணலைன்னா எந்த ஷாட்டும் காப்பாத்தாது.

என்ன சத்தம்னு கேப்ப. ஆன்லைன்ல ஓசில கிடைக்கற அந்த 'ப்ராம்'னு அடிக்கற சத்தம், நெஞ்சு துடிக்கற சத்தம், இதெல்லாம் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு மரத்துப் போச்சு. உங்க லொக்கேஷன்லயே இருக்கறதை எடு. ஹடெடா பறவை இருக்கே, நம்மளைத் தினம் காலங்காத்தால எழுப்பி விடற சனியன், ஷூட்ல டயலாக்கை எல்லாம் நாசம் பண்ணும், ஆனா அதோட கத்தலை எடுத்து பாதி ஸ்பீடுக்கு இறக்கிக் கேட்டுப் பாரு, ஒரு பொம்பளை தூரத்துல அழற மாதிரியே இருக்கும். காத்துல கரும்புத் தோகை உரசற சத்தம், வீட்டு கேட்டோட மோட்டார் சத்தம், பிளாஸ்க் மூடி திருகற சத்தம். இந்த பிளாஸ்க் மூடியை மட்டும் கவனமா ரெக்கார்ட் பண்ணு, போனை அது பக்கத்துலயே வச்சு, பத்து தடவை. அங்கிள் டீ குடுக்கறப்ப முதல்ல சாதாரணமா ஒரு தடவை வரட்டும். கடைசில டைட்டில் வந்து முடிஞ்சு கறுப்பானதுக்கு அப்புறம் படமே இல்லாம அந்த மூடி திருகற சத்தம் மட்டும் இன்னொரு தடவை. அதுல நீ எதையும் சொல்லிக் குடுக்கல, ஆனா பூசணிக்காய் சோத்துக்குள்ள லேசா அசையுது பாத்தியா, அவ்ளோதான் வேணும்.

ஷூட் பண்ற ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிட்டு 30 செகண்ட் சும்மா அந்த இடத்தோட சத்தத்தை எடுத்து வை, அது இல்லாம டயலாக்குக்கு நடுவுல கட் பண்ணினா ஓட்டை ஓட்டையா கேக்கும். அதே மாதிரி முழு நிசப்தம்ங்கறது ட்ரெய்லர்ல ஒரே ஒரு தடவை, ஒண்ணரை செகண்டுக்கு மேல வேண்டாம், ரெண்டாவது தடவை வச்சா போன் ஹேங் ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க. இன்னொரு விஷயம், நீ ஹெட்போன்ல கேட்டு பூமியே அதிருதுன்னு சந்தோஷப்படற பேஸ் சத்தம் போன் ஸ்பீக்கர்ல சுத்தமா வராது, அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்ளோ கீழ இறங்கத் தெம்பு இல்ல, அதனால ஒவ்வொரு அடிக்கும் மேல ஒரு கதவு சாத்தற சத்தமோ, தகரம் தட்டற சத்தமோ சேர்த்து வை. உன் ட்ரெய்லரைப் பார்க்கப் போறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கிச்சன்ல போனைச் சக்கரை டப்பா மேல சாச்சு வச்சுத்தான் பார்க்கப் போறாங்க.

தமிழ்ப் படத்து பிஜிஎம் எடுத்துப் போடலாமான்னு உன் க்ரூப்புல ஒருத்தன் ஆரம்பிச்சிருப்பான், வேண்டாம், யூடியூப்ல ஏத்தின உடனே அடுத்தவன் பாட்டைத் தானா கண்டுபிடிக்கற கன்டென்ட் ஐடி பிடிச்சுடும், கோர்ஸ் ரிப்போர்ட்லயும் மார்க் போகும். யூடியூபோட ஆடியோ லைப்ரரில தேடு, இல்ல ஒரு தம்பூராவை வச்சு ஒரே ஸ்ருதியை நீட்டு, போதும்.

படத்துக்கு வருவோம். இந்த ஊர்ல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், போன் கேமரா தானா செகண்டுக்கு 30 ஃப்ரேம்ல எடுக்கும், ராத்திரி ட்யூப்லைட் அடியில எடுத்தா பட்டை பட்டையா மினுக்கும், அதனால 25 ஃப்ரேம், ஷட்டர் ஒரு செகண்டுல 50ல ஒண்ணுன்னு கையால வச்சுக்கோ, இது தெரியாம ஒரு ராத்திரி ஷூட்டையே தூக்கிப் போட்ட பசங்க இருக்காங்க. ட்ரோன்ல கரும்புக்காட்டை மேலேர்ந்து காட்டணும்னு ஆசை இருக்கும், விட்டுடு, வெரூலம்லேர்ந்து கிங் ஷாகா ஏர்போர்ட் 10 கிலோமீட்டருக்குள்ள வருது, அந்த எல்லைக்குள்ள அனுமதி இல்லாம பறக்க விடக் கூடாது. தவிர மேலேர்ந்து பார்த்தா காடு எங்க முடியுதுன்னு தெரிஞ்சு போகும், தெரியக் கூடாதுங்கறதுதானே நம்ம வேலை. கேமராவை அக்கா இடுப்பு உசரத்துல வச்சு கரும்பு வரிசைக்குள்ள நுழைஞ்சா ரெண்டு அடிக்கு மேல எதுவும் தெரியாது, அது போதும். தோட்டக்காரர்கிட்ட கேக்காம மட்டும் உள்ள போயிடாத, ஆளு பிரச்சினை ஒரு பக்கம், மாம்பா பாம்பு ஒரு பக்கம்.

உங்க அதிர்ஷ்டம் இப்ப வெட்டு சீசன். வெட்டறதுக்கு முன்னாடி தோகையை எரிப்பாங்க இல்ல, அப்ப வெரூலம், டோங்காட் பக்கம் கறுப்பா சாம்பல் பறந்து வந்து வீட்டு மேல எல்லாம் விழும், பொம்பளைங்க ஓடிப் போய் துணியை எடுப்பாங்க. அதை எடு தம்பி! கொடியில காயற தங்கச்சியோட வெள்ளை ஸ்கூல் சட்டை, அது மேல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கறுப்புச் சாம்பல் மெதுவா வந்து உக்காருது, யாரும் அந்தச் சட்டையை எடுக்க வரல. டயலாக் வேண்டாம், மியூசிக் வேண்டாம். இந்த ஒரு ஷாட்டை 5 செகண்ட் வெட்டாம விடு, அவசரப்பட்டு ஒன்றரை செகண்ட்ல கட் பண்ணின, நான் வந்து அடிப்பேன். உள்ளூர்க்காரங்க பார்த்த உடனே நம்ம ஊருன்னு தெரிஞ்சுக்குவாங்க, வெளியூர்க்காரனுக்கு அது என்னன்னே புரியாது, ரெண்டு பேருக்கும் வேற வேற விதமா வேலை செய்யும்.

ஆயா பேசற தமிழ் வரி ஒண்ணு வச்சிருக்கறதா எழுதியிருந்த. நல்ல யோசனை. ஆனா மெட்ராஸ்லேர்ந்து யாரையாவது பேசச் சொல்லி டப் பண்ணிடாத. இங்க இருக்கற தமிழங்களுக்கு அஞ்சாவது தலைமுறை ஆச்சு, 1860ல ட்ரூரோ கப்பல்ல வந்து இறங்கினவங்க பேரப்பிள்ளைகளோட பேரப்பிள்ளைங்க, வீட்டுல பேசறது இங்கிலீஷ், தமிழ் கோயில் பாட்டுலயும் ஆயா, தாத்தா, அண்ணாங்கற கூப்பாட்டுலயும்தான் பெரும்பாலும் இருக்கு, உன் டீம்ல இருக்கற இந்த ஊர்ப் பசங்களோட நிஜ ஆயா யாராவது ஒருத்தர் அவங்க உச்சரிப்புலயே "அவ வர மாட்டா"ன்னு சொல்லட்டும், உச்சரிப்பு தப்பு மாதிரி இருந்தாலும் திருத்தாத. அதுக்கு சப்டைட்டிலும் போடாத. தமிழ் தெரிஞ்சவனுக்கு வரி பயமுறுத்தும், தெரியாதவனுக்கு அந்த ஆயா ஏதோ தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு உறைக்கும்.

ஆனா ஒண்ணு, காவடி ஊர்வலம், அலகு குத்தறது, சாமி ஆடறது இதையெல்லாம் திகிலுக்காக ட்ரெய்லர்ல நுழைக்கற புத்தி மட்டும் வேண்டாம். கேமராவுல பிரமாதமா இருக்கும்தான், நான் இல்லைங்கல. ஆனா வருஷா வருஷம் விரதம் இருந்து தோள்ல தூக்கறவங்களைக் கொண்டு போய் பேய்ப் பட லிஸ்ட்ல சேர்க்கறது அசிங்கம், உங்க படம் பார்க்க வர வேண்டிய கூட்டமும் அவங்கதான்.

ஷூட்டுக்கு முன்னாடி பேப்பர் வேலை. என் கதையைக் கேட்டாச்சு இல்ல, அதனால தெருவுல எடுக்கறதா இருந்தா டர்பன் ஃபிலிம் ஆஃபீஸ்ல கேட்டு பர்மிட் விஷயத்தை முடிச்சுக்கோ, லோக்கல் போலீஸ் ஸ்டேஷன், அந்தத் தெருவைப் பார்த்துக்கற செக்யூரிட்டி கம்பெனி, ஏரியா வாட்ஸாப் க்ரூப் அட்மின், மூணு இடத்துக்கும் தேதி நேரம் போட்டு ஒரு லெட்டர் குடு, மூணாவது வீட்டுக் கதவையும் தட்டு. துப்பாக்கி ப்ராப் வேண்டவே வேண்டாம், பொம்மையா இருந்தாலும் நிஜம்னு நம்பற மாதிரி இருக்கறதை நியாயமான காரணம் இல்லாம ஆள் மேல நீட்டினா 2000ம் வருஷத்து ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட்ல குத்தம், சட்டத்தை விடு, எதிர்ல வர்றவன்கிட்ட நிஜத் துப்பாக்கி இருக்கும், அதான் பயம். தங்கச்சியா நடிக்கற பொண்ணு 18க்குக் கீழன்னா அப்பா அம்மா கையெழுத்து வாங்கிடு.

இப்ப மார்க்கெட்டிங். இதுல முதல்ல பண்ணக் கூடாததைச் சொல்லிடறேன், ஏன்னா உங்க கதைக்கு அது கண்டிப்பா தோணியிருக்கும். தங்கச்சி போட்டோ போட்டு "காணவில்லை" போஸ்டர் அடிச்சு ஒட்டறது. 1999ல 'ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்' அதைத்தான் பண்ணிச்சு, நடிச்சவங்க நிஜமாவே காணாமப் போயிட்டாங்கன்னு வெப்சைட், நோட்டீஸ்னு கிளப்பி விட்டு, சொற்பக் காசுல எடுத்த படம் உலகம் பூரா 24 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணிச்சு, மீடியா படிக்கற எல்லாருக்கும் இதை க்ளாஸ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. அந்த ட்ரிக் அந்த வருஷத்தோட செத்துப் போச்சு. இங்க நம்ம ஏரியா க்ரூப்ல காணாமப் போன பிள்ளைங்க போட்டோ நிஜமாவே வருது, ஜனங்க வேலையை விட்டுட்டு கார் எடுத்துட்டுத் தேடப் போறாங்க. அதுக்கு நடுவுல உன் பொய் போஸ்டரும் வந்தா அடுத்த தடவை நிஜப் பிள்ளைக்கு எவனும் கிளம்ப மாட்டான். வாய்ஸ் நோட் டீசர் பண்ணலாம், நான் சொன்ன ஆன்ட்டி கதைக்கு அப்புறம் நீயே கேப்பன்னு தெரியும், தாராளமா பண்ணு, ஆனா படத்தோட பேரும் "இது சினிமா"ங்கறதும் அந்த ஆடியோவுக்குள்ளயே, அதுவும் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், கீழ எழுதினா ஃபார்வர்ட் ஆகறப்ப எழுத்து கழண்டுடும், சத்தம் மட்டும்தான் ஊர் சுத்தும்.

யாருக்கு விக்கறோம்னு கேட்டா ரிப்போர்ட்ல "15லேர்ந்து 35 வயசு"ன்னு எழுதி வைக்காத, அது பதில் இல்ல. உங்க படத்துக்கு முதல் 200 பேர் யாருன்னா உங்க காலேஜ், வெரூலம் டோங்காட் பக்கத்து வீடுங்க, நடிச்சவங்க சொந்தக்காரங்க, கோயில் யூத் க்ரூப் பசங்க, அவ்ளோதான். அவங்க எல்லாரும் இருக்கற இடம் வாட்ஸாப், டேட்டா விலையும் எல்லாருக்கும் கடிக்குது, லிங்க் அனுப்பினா க்ளிக் பண்ண யோசிப்பான், வீடியோவா வந்து விழுந்தா பார்ப்பான். அதனால யூடியூபுக்கு ஒரு காப்பி, வாட்ஸாபுக்குன்னு தனியா ஒரு காப்பி. 720பி, மொத்தம் 1.3 எம்பிபிஎஸ்னு வச்சா 90 செகண்ட் 15 எம்பிக்குள்ள அடங்கிடும். ஆனா இருட்டு சீன் இருக்கே, செகண்டுக்கு இவ்ளோ கம்மி டேட்டா (பிட்ரேட்) வச்சா கட்டம் கட்டமா உடைஞ்சு சேத்துல முக்கி எடுத்த மாதிரி ஆயிடும், அதனால போன் காப்பிக்கு மட்டும் நிழல் எல்லாம் கொஞ்சம் தூக்கி வெளிச்சம் பண்ணு, சினிமாட்டிக்கா இருக்கட்டும்னு போட்டிருக்கற க்ரெய்னை, அந்தப் பொடிப் பொடிப் புள்ளியை, எடுத்துடு, இருக்கற பிட் எல்லாத்தையும் அதுதான் தின்னும். ஸ்டேட்டஸுக்கு நிமிர்ந்த ஃப்ரேம்ல 25 செகண்ட்ல ஒண்ணு தனியா கட் பண்ணு, படுத்த படத்தை ரெண்டு பக்கமும் வெட்டி ஒப்பேத்தாம சாம்பல் ஷாட்டையும் அக்கா க்ளோசப்பையும் ஷூட் பண்றப்பவே போனை நிமித்தி ஒரு தடவை எடுத்துடு.

முடிவுல வர்ற கார்டுல ஒரே ஒரு விஷயம் கேளு. எங்க, என்னிக்கு, எத்தனை மணி. அதோட இன்ஸ்டா, யூடியூப், டிக்டாக்னு நாலு சின்னம் ஒட்டினா எதையும் பண்ண மாட்டாங்க. அஞ்சு செகண்ட் நிக்கட்டும், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கற நேரம்.

போஸ்டர்ல அக்கா மூஞ்சி வேண்டாம், அங்கிள் நிழல் வேண்டவே வேண்டாம். அந்தச் சட்டை, கொடி, சாம்பல், கீழ பேரு. ஏ3ல 30 அடிச்சா போதும். சென்சார் முத்திரை இருந்தா நிஜ போஸ்டர் மாதிரி இருக்கும்னு ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டோட 16னு போட்ட சின்னத்தை கூகிள்ல எடுத்து ஒட்டறாங்க பசங்க, வாங்காத ரேட்டிங்கைப் போடாத, லெக்சரருக்கும் அது நல்லாத் தெரியும்.

1500 ராண்டுக்கு என் கணக்கு, பாதியை சாப்பாட்டுக்கு வை, பசியோட இருக்கற நடிகன் பயப்படற மாதிரி நடிக்க மாட்டான், கோவப்படற மாதிரிதான் வரும். மீதில பெட்ரோல், போஸ்டர், ஒரு காலர் மைக் வாடகைக்கோ ஓசிக்கோ. விளம்பரத்துக்கு பூஸ்ட் பண்ணி ஒரு ராண்ட் கூட செலவு பண்ணாத, 4000 வ்யூ வரும், ஹாலுக்கு வர்றவன் நாலு பேரு.

வெளிய விடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, கதை தெரியாத அஞ்சு பேருக்குக் காட்டு. "நல்லா இருக்கா"ன்னு மட்டும் கேக்காத, எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. யார் மேல சந்தேகம்னு கேளு. அஞ்சு பேரும் அங்கிளைச் சொன்னா அந்தக் கை ஷாட்டைக் குறை, அஞ்சு பேரும் அஞ்சு ஆளைச் சொன்னா கச்சேரி களை கட்டிடுச்சுன்னு அர்த்தம், யாருமே யாரையும் சொல்லலைன்னா நீங்க மறைச்சு மறைச்சு ஒண்ணுமே மிச்சம் வைக்கலைன்னு அர்த்தம், அதுவும் தப்புதான். யூடியூப்ல போட்டதுக்கு அப்புறம் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்துல எந்த செகண்ட்ல ஜனங்க கழண்டு போறாங்கன்னு ஒரு கோடு காட்டும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஏன் அங்க போனாங்கன்னு நீ நினைக்கறதை ரிப்போர்ட்ல எழுது, 'லைக்' எண்ணிக்கையை விட லெக்சரர் அதைத்தான் படிப்பார். 30வது செகண்டுல பெரிய பள்ளம் இருந்தா அங்க யாரோ கதையை விளக்கற டயலாக் வருதுன்னு நான் பார்க்காமலே பந்தயம் கட்டறேன்.

படம் நல்லா வந்தா ஜூலை மாச டர்பன் ஃபிலிம் ஃபெஸ்டிவலுக்கு அனுப்பறதைப் பத்தி யோசிங்க, 1979லேர்ந்து நடக்குது, நம்ம ஊர்லயே இருக்கற கதவு, அனுப்பற கடைசித் தேதி பல மாசம் முன்னாடியே வந்துடும், இப்பவே பார்த்து வச்சுக்கோ.

அந்த சத்தம் மட்டும் வச்ச 90 செகண்டை முடிச்சதும் எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பு, படம் வேண்டாம். போஸ்டர் ஒட்ட சனிக்கிழமை காலையில சாட்ஸ்வொர்த்துல இருக்கற பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போறதா இருந்தா ஏழு மணிக்குள்ள கிளம்புங்க, அப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, எனக்கும் முருங்கைக்காய் வாங்கற வேலை இருக்கு, டேப்பைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்னா வரேன்.